கை இறங்கும்வரை

கையக்காவுக்குப் பயம் கூடவே பிறந்தது என்பார் அவள் கணவர். பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவாள். இறங்க வேண்டிய நிறுத்தம் கண்ணுக்குத் தெரியும் முன்பே பேருந்தில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள். வானம் கறுத்தால் தன் வீட்டுத் துணிக்கொடியோடு பக்கத்து வீட்டுக் கொடியையும் காலி செய்துவிடுவாள். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் காகித ஆலை நிர்வாகம் ஒரு மேடை நிறையப் பிள்ளைகளை ஒப்படைத்தது.

கையக்கா என்ற பெயரை வைத்தவர்கள் பிள்ளைகள்தான். பாட்டு நடக்கும்போது அவள் வாயைத் திறப்பதில்லை, எல்லாம் கையால்தான். கை உயர்ந்தால் மூச்சை இழுக்க வேண்டும். விரிந்தால் பாட வேண்டும். கை இறங்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது. மளிகைக் கடைக்காரர் முதல் ஆலை மேலாளர் வரை அவளை அப்படித்தான் அழைத்தார்கள். "என்னை யாரும் பாய்லர்காரர்னு சொல்றதில்ல, கையக்கா வீட்டுக்காரர்னுதான் சொல்றாங்க. கூட ஒரு கால் இருந்தா குடும்பம் முழுசா ஆயிடும்" என்று ஆலையில் கொதிகலன் பார்க்கும் கணவர் அலுத்துக்கொள்வார்.

பாட்டுக்கு வரும் முன் அவள் தாள் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். பிறகும் அங்கேதான் பார்த்தாள். பாட்டு என்பது வேலை முடிந்த பிறகு. நீண்ட மேசைகளின் முன் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். வெட்டிய தாள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஒரு மூலையைக் கட்டைவிரலால் விசிறிபோல விரித்து, தாள் தாளாகப் புரட்டிக்கொண்டே போக வேண்டும். கறை, கசங்கல், ஓட்டை எது கண்ணில் பட்டாலும் அந்தத் தாளை உருவிக் காலடியில் போட வேண்டும். ஆனால் கை நிற்கக் கூடாது. கை நின்றால் கட்டு தேங்கும். கட்டு தேங்கினால் பின்னால் வெட்டு இயந்திரக்காரர் கத்துவார். புதிதாக வரும் எந்தப் பெண்ணுக்கும் முதல் பாடம் இதுதான்: "கெட்டதை உருவிப் போடு, கையை நிறுத்தாதே." கை நிற்காமல் இருக்கத்தான் அங்கே பாடுவார்கள். கையக்காவின் குரல் அந்தக் கூடத்தின் கடைசி மேசைவரை கேட்கும்.

பாட்டுக் குழு தொடங்கியதற்குக் காரணம் பாட்டு அல்ல. ஒரு மழைக்காலத்தில் ஆலையிலிருந்து குளோரின் கசிந்தது. மரக்கூழை வெளுக்க வைக்கும் வாயு. மதிலை ஒட்டிய தெருக்காரர்கள் பிள்ளைகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்றது நிர்வாகம். வாசல் காவல்காரர் ஒருவர் இருமி இருமியே அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார்; அது வேறு நோய் என்றார்கள். ஓடியவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களும் பெட்டியைப் பிரிக்காமல் இருந்தார்கள். ஆலை மதிலுக்கு வண்ணம் அடித்தது, மரம் நட்டது, மருந்தகம் கட்டியது. எதுவும் எடுபடவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தலைமை அலுவலகத்தில் யாருக்கோ அந்த யோசனை வந்தது. தொழிலாளர் பிள்ளைகளை வாரா வாரம் ஆலை வாசலில் நிறுத்திப் பாடவைத்தால் எப்படி இருக்கும்? நெஞ்சு நிறைய இழுத்துப் பாடும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அந்தக் காற்றை யார் குறை சொல்ல முடியும்?

"மத்த மில்லெல்லாம் காத்துக்குச் சர்டிபிகேட் வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்க. நாம அதுக்கு வெள்ளைச் சட்டை போட்டு நிக்க வெக்கிறோம்" என்றார் டைம்கீப்பர். வாசலில் வருகையைக் குறிக்கும் அவர்தான் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவர்.

அவளைத் தேடி வந்தவர் தொழிலாளர் நல அதிகாரி, எல்லோருக்கும் வெல்ஃபேர் சார். நல்ல மனிதர், யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக நிற்பவர்.

"பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்க ஆள் வேணும்மா. நீ நல்லா பாடுவியாமே."

"தாளைப் பாத்துக்கிட்டுப் பாடுவேன் சார். மேடைன்னா எனக்குக் கைகாலெல்லாம் உதறும்."

"நீ ஏன் ஜனத்தைப் பாக்கறே? பாட்டை நடத்தறவங்க ஜனத்துக்கு முதுகைத்தான் காட்டுவாங்க. பிள்ளைங்களை மட்டும் பாத்தாப் போதும்."

அதில்தான் அவள் விழுந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு செய்யக்கூடிய வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

'வெண்தாள் குழந்தைகள் பாட்டுக்குழு' என்று நிர்வாகம் பெயர் வைத்தது. சீருடை தைக்கும் வேலை கையக்காவின் தங்கைக்கு வந்தது. அவள் கடைத்தெருவில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு பிழைப்பவள். புருஷன் வேறு ஊரில் லாரி ஓட்டுபவன், வருவது எப்போதாவது. அவளுக்கு ஒரே மகள். கசிவு நடந்த மழைக்காலத்தில் கைக்குழந்தையாக இருந்தவள். அன்றிலிருந்து நெஞ்சு பலவீனம். தூசி பறந்தால் இழுக்கும். இளைத்த உடம்பு, கூர்மையான குரல். குருவி என்று கூப்பிட்டார்கள்.

குருவியைக் குழுவில் சேர்க்கத் தங்கை ஒப்பவே இல்லை.

"மூச்சு விடவே காத்துப் பத்தல அவளுக்கு. இதுல பாட்டு வேறயா அக்கா?"

"மருந்தகத்து டாக்டரே சொல்றார்டி, பாடினா நெஞ்சு விரியுமாம்."

"விரியும், விரியும். மில்லு குடுத்த டாக்டர் மில்லு பாட்டை வேணாம்னா சொல்லுவாரு?"

குருவி அழுது ஜெயித்தாள். தங்கை வாசல்வரை வந்து, அக்காவின் கையில் மகளின் கையை வைத்தாள். "உன்னை நம்பித்தான் விடறேன். போனபடியே திரும்பி வரணும்."

அதுவரை காற்று, மழை, பால், பேருந்து என்று சிதறிக் கிடந்த கையக்காவின் பயமெல்லாம் அன்றைக்கு ஒரே இடத்தில் வந்து குடியேறியது. குருவியைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்வரிசையின் நடுவில் நிறுத்தினாள். நிற்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டாள். ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு நாளும் மூச்சு சீராக வருகிறதா என்று பார்ப்பாள். லேசாக விசில் கேட்டாலும் ஓரமாக உட்காரவைத்துவிடுவாள். "பெரியம்மா, மத்தவங்களுக்கு எல்லாம் பாக்க மாட்டேங்கறீங்க" என்று குருவி கோபித்துக்கொள்வாள்.

முதல் நிகழ்ச்சி நன்றாக நடக்கவில்லை. நடுவரிசையில் ஒரு பையன் இருமினான். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பாட்டு சிதறியது, யாரோ சிரித்தார்கள், முன்னிருக்கையில் மேலாளரும் சிரித்தார். கையக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த ஒத்திகையில் தனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தைக் கொண்டுவந்தாள். கெட்ட தாளை உருவிப் போடு, கையை நிறுத்தாதே.

"பக்கத்துல யாரு இருமினாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. அவங்க விட்டதையும் சேர்த்து நீ பாடு. இருமல் வந்தவங்க வாயை மூடி உள்ளேயே இருமணும். சத்தம் வெளிய வரக் கூடாது. புரியுதா?"

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வேண்டுமென்றே ஒருவன் நிறுத்துவான். பக்கத்திலிருப்பவர்கள் குரலை ஏற்றி அந்த ஓட்டையை அடைப்பார்கள். நாளடைவில் எப்படிப் பழகினார்கள் என்றால், மேடையில் பாதிப் பேர் வாயை மூடினாலும் கீழே இருப்பவருக்குத் தெரியாது. மேடையை விட்டு இறங்குவதற்கும் ஒழுங்கு இருந்தது. பின்வரிசை முதலில், மேடையின் பின்கதவு வழியாக. முன்வரிசை கடைசியில், கை காட்டிய பிறகு.

ஆண்டுகள் ஓடின. வாசலில் பாடிய குழு மண்டபங்களுக்குப் போனது. ஆலையின் நாட்காட்டியில் பிள்ளைகளின் படம் வந்தது. ஓடிப்போன குடும்பங்களில் சில திரும்பி வந்தன. அந்தக் குடியிருப்பில் ஒரு விசித்திர வழக்கமும் வேர்பிடித்தது. காற்றில் எந்த நெடி வந்தாலும் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பொத்தினால் அசலூர்க்காரர். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா கைக்குட்டையை எடுத்தார் என்பதற்காகவே ஒரு சம்பந்தம் முறிந்தது. "எங்க மூக்கெல்லாம் எப்பவோ ரிட்டயர்டு ஆயிடுச்சு சார்" என்பார் டைம்கீப்பர், விருந்தினர்களிடம்.

குருவி ஓரளவு தேறினாள். ஆனாலும் உயரம் ஏறவில்லை; எத்தனை ஆண்டானாலும் முன்வரிசைதான்.

வெளிநாட்டிலிருந்து காகிதம் வாங்குகிறவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. ஆலை அவர்களுக்காகவே புது அரங்கம் ஒன்றை முடித்திருந்தது. குளிரூட்டிய அரங்கம், ஜன்னல்கள் அடைத்துப் பூட்டியவை. மேடைக்குப் பின்னால் ஒரு நடை, அதற்கப்பால் குடிநீர் சுத்திகரிக்கும் கொட்டகை. அங்கேயும் குளோரின் உருளைகள் இருந்தன. கையக்கா அவற்றை ஒத்திகைக்கு வந்த அன்றே பார்த்துவிட்டாள்.

"சார், ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வெக்கலாமா?"

"ஏ.சி. போட்டிருக்கோமேம்மா. திறந்தா குளிர் நிக்குமா?"

"இல்ல, பின்னால உருளை இருக்கு..."

"அது தண்ணிக்குப் போடறது. நீ குடிக்கிற தண்ணியில அதுதானே இருக்கு? தினம் குடிக்கிறியே, ஒண்ணும் ஆகலையே." வெல்ஃபேர் சார் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். தன் பயத்தைத் தானே நம்பாத பழக்கம் அவளுக்கு வந்து வெகுநாளாகியிருந்தது. பொங்காத பாலுக்கும் பெய்யாத மழைக்கும் பயந்தவள், எதைச் சொல்லி யாரை நம்பவைப்பது?

விருந்தினர் வந்த மாலை அரங்கம் நிறைந்திருந்தது. முன்னிருக்கைகளில் விருந்தினர், பின்னால் குடியிருப்புக்காரர்கள். தங்கையும் கடையை அடைத்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையக்கா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

ஆறும் மரமும் வெள்ளைத் தாளும் வரும் பாட்டு அது. கடைசிப் பல்லவி மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே. முதல் முறை எப்போதும்போல வந்தது. இரண்டாவது முறை குரல் எழும்பியது. அவள் கேட்டது கொஞ்சம், வந்தது வெள்ளம். பின்வரிசைப் பெண்பிள்ளைகளின் கழுத்து நரம்பு புடைத்தது. கையக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு முழக்கம் வந்ததே இல்லை. இன்னும், இன்னும் என்று இரண்டு கைகளையும் தூக்கினாள். பிள்ளைகள் கொடுத்தார்கள்.

மூன்றாவது முறைக்கு முன்வரிசையைப் பார்த்தாள். குருவியின் வாய் அசைந்தது. குரல் இல்லை.

பக்கத்தில் பல் விழுந்த பையன். உதட்டை இறுக்கி மூடியிருந்தான். மார்பு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணீர் தாடையில் வழிந்தது. அவனுக்கு அடுத்தவளும் அப்படியே. அவளுக்கு அடுத்தவனும். முன்வரிசை முழுவதும் வாயை மூடிக்கொண்டு, நின்ற இடத்தை விட்டு அசையாமல், சத்தம் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே இருமிக்கொண்டிருந்தது. எல்லாக் கண்களும் அவள் கையின் மேல் இருந்தன. பின்னால் நிற்பவர்கள் அவர்களுக்கும் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாய் மூடும்போதும் இன்னும் ஆழமாக மூச்சிழுத்து, இன்னும் உரக்க. அவளைப் புல்லரிக்கவைத்த முழக்கம் அதுதான்.

அவள் கை இறங்கியது.

பாட்டு வெட்டுப்பட்டதுபோல நின்றது. அடக்கிவைத்த இருமலெல்லாம் ஒன்றாக வெடித்தன. பாட்டு முடிந்தது என்று நினைத்து விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டைம்கீப்பரும் அப்படியே நினைத்தார். இறங்கும்போது வாசிக்கும் மெட்டைத் தொடங்கினார். மெட்டைக் கேட்டதும் பின்வரிசை பழக்கப்படி திரும்பியது. முதலில் நின்ற நெட்டைப் பெண் பின்கதவைத் திறந்தாள்.

கதவுக்கு அப்பால் நடையில், தரையோடு தரையாக, மஞ்சளும் பச்சையுமாக ஒரு மங்கல் கிடந்தது. குளோரின் காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாது, ஊர்ந்துதான் வரும். கதவிடுக்கு வழியாகப் புகுந்து, பிள்ளைகள் நின்ற படிவரிசைகளின் அடியில் நகர்ந்து, முன்னால் தாழ்வாக நின்ற சின்னப் பிள்ளைகளை முதலில் பிடித்திருந்தது.

கத்த வேண்டும். கையக்காவுக்கு முதலில் வந்தது கைதான். கையை ஆட்டினாள், திரும்பிப் போகிறவர்களுக்குக் கை எப்படித் தெரியும்? நெட்டைப் பெண் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டாள்.

"இங்க! என்கிட்ட வாங்க! எல்லாரும் என்கிட்ட!"

அந்தக் குரலைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. ஒரு கணம் விறைத்து நின்றார்கள். பிறகு நெட்டைப் பெண் திரும்பி ஓடிவந்தாள். மற்றவர்களும் மேடையின் முன்பக்கமாகக் குதித்தார்கள். விருந்தினர் மடியில் விழுந்தார்கள், நாற்காலிகளைத் தள்ளினார்கள். அதற்குள் கீழே இருந்தவர்களின் தொண்டையிலும் அது இறங்கிவிட்டது. யாரோ கண்ணைக் கசக்கிக்கொண்டு அலற, மொத்த அரங்கமும் வாசலை நோக்கிப் பாய்ந்தது. இரண்டு பிள்ளைகளை இரண்டு கைகளிலும் இழுத்துக்கொண்டு, முந்தானையைப் பிடித்துத் தொங்கிய இன்னொரு பிள்ளையோடு, கையக்காவும் வெளியே வந்து விழுந்தாள்.

மைதானத்தில் வெள்ளைச் சட்டைகள் சிதறிக் கிடந்தன. தங்கை ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, குருவி எங்கே?"

"இதோ..." கையக்கா முந்தானைப் பக்கம் திரும்பினாள். பிடித்துக்கொண்டிருந்தது வேறு பிள்ளை.

பேருந்து நிற்கும்வரை பொறுக்கத் தெரியாதவள், எல்லோரும் வெளியே ஓடிவரும் வாசலுக்குள் எதிர்த்து ஓடினாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண் எரிந்தது. நாற்காலிகள் தடுக்கின. மேடை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

குருவி தன் வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். முன்வரிசை கடைசியில்தான் இறங்க வேண்டும். அதற்கான கையை யாரும் காட்டவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் முழங்கால் மடிந்து சரிந்தாள். தூக்கித் தோளில் போட்டபோது காதருகில் கரகரவென்று கேட்டது: "நான் வாயைத் திறக்கவே இல்ல, பெரியம்மா."

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தங்கை அழவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், முகமூடி மாட்டிய மகளின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போது நிற்குமோ என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையக்கா மெல்லத் தோளைத் தொட்டபோது தங்கை கையை விலக்கினாள்.

"நீதானே சொல்லிக்குடுத்தே" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் அக்காவோடு பேசவில்லை.

குருவி பிழைத்தாள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். குருவிக்கு மட்டும் குரல் கம்மியது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. தங்கை அவளைக் கடையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். கையக்கா கடைத்தெரு வழியாகப் போகும்போது எதிர்ச் சாரியில் நடந்தாள். அங்கிருந்து குருவியின் இருமல் கேட்கும். கேட்கும்போதெல்லாம் நின்றுவிடுவாள், அடுத்த மூச்சு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கால் நகரும்.

உருளையின் வால்வு கொஞ்சம் இளகியிருந்தது, சரிசெய்துவிட்டோம் என்றது நிர்வாகம். ஜனங்கள் மறுபடி பெட்டி கட்டத் தொடங்கினார்கள். மறுபடி வெல்ஃபேர் சார் வந்தார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"பிள்ளைங்க திரும்பப் பாடணும்மா. ஜனங்க அதைத்தான் பாப்பாங்க."

"என்னால முடியாது சார்."

"நான் சொல்றதைக் கேளு. நீ வரலேன்னா வெளியூர்லேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. பாட்டு எப்படியும் நடக்கும்."

அவர் போன பிறகு கணவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வேணாம்னு சொல்லிடு. மில்லு வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பண்ணுவோம்."

"நான் போகலேன்னா பிள்ளைங்க என்னங்க பண்ணும்? நான் சொல்லிக்குடுத்ததைத்தானே பண்ணும். வாயை மூடிட்டு நிக்கும். புதுசா வர்றவருக்கு அது தெரியுமா?"

கணவர் தட்டைத் தள்ளிவைத்தார். "நீ பயந்தாங்கொள்ளின்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்" என்றார்.

"பயமா இருக்குங்க. அதனாலதான் போறேன்."

ஒரு நிபந்தனை போட்டாள். பாடுவது திறந்த மைதானத்தில், பிள்ளைகளுக்கு அவள் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் முறைப்படி. வெல்ஃபேர் சார் முறை என்னவென்று கேட்காமலே சரி என்றார்.

கற்றுக்கொடுத்ததைவிட மறக்கவைப்பது கடினமாக இருந்தது. யார் இருமினாலும் எல்லோரும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கைக்காகக் காத்திருக்கக் கூடாது. முன்வரிசை முதலில், மேடையின் முன்பக்கமாக இறங்கி, மரத்தடிக்குப் போக வேண்டும். ஒத்திகையில் அவளே இருமிப் பார்த்தாள். பிள்ளைகள் குரலை ஏற்றி அடைத்துவிட்டுப் பாடிக்கொண்டே போனார்கள். மறுபடி இருமினாள். மறுபடி பாடினார்கள்.

"ஏண்டா, நிறுத்தச் சொன்னேன் இல்ல?"

"நிறுத்தணும்னு நெனைக்கிறேன் அக்கா, வாய் தானா போவுது" என்றான் பல் விழுந்த பையன்.

நாள் கணக்கில் அதையேதான் செய்தார்கள். பாட்டைவிட நிறுத்துவதைத்தான் அதிகம் பழகினார்கள். கடைசியில் ஒரு நாள், தெருவில் போன யாரோ ஒருவரின் இருமலுக்கும் பாட்டு நின்றது. டைம்கீப்பர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இப்படியே போனா நாம பாட்டுக் குழு இல்ல, மௌனக் குழு" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

நிகழ்ச்சி அன்று ஊர் முழுவதும் மைதானத்துக்கு வந்திருந்தது. பாட்டுக் கேட்க வந்தவர்கள் குறைவு. தங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க வந்தவர்கள்தான் அதிகம். பெற்றோர்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள், செருப்பைக் கழற்றாமல். கையக்கா ஜனத்துக்கு முதுகைக் காட்டும் முன் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். தங்கை நடுவில் எங்கோ இருந்தாள், மடியில் குருவியோடு. வருவாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

கை உயர்ந்தது. பாட்டு தொடங்கியது. முதல் பல்லவி முடிந்தது. அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. எல்லாம் சிவப்பு. எல்லாம் அசைந்தன.

அப்போது பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. வறண்ட, கம்மிய, விசில் கலந்த இருமல். மேடையில் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

பாட்டு நின்றது. அவள் கை இன்னும் மேலேதான் இருந்தது. முன்வரிசை இறங்கியது; அடுத்த வரிசை இறங்கியது; ஓடாமல், தள்ளாமல், மரத்தடியை நோக்கி நடந்தது. அதைப் பார்த்ததும் மைதானம் முழுவதும் எழுந்தது.

"உக்காருங்க, உக்காருங்க!" வெல்ஃபேர் சார் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஒண்ணுமில்ல! யாரோ சும்மா இருமினாங்க. காத்து நல்லாத்தான் இருக்கு!"

யாரும் உட்காரவில்லை. ஒரு பெரியவர் துண்டை எடுத்து மூக்கைப் பொத்தினார். அவரைப் பார்த்துப் பக்கத்துப் பெண்ணும் பொத்தினாள். அந்த ஊரில் ஊர்க்காரர்களே மூக்கைப் பொத்தியதை டைம்கீப்பர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு அவரும் பொத்திக்கொண்டார்.

"ஒரு இருமலுக்கா இவ்வளவு?" மேடையருகே வந்து வெல்ஃபேர் சார் பல்லைக் கடித்தார். முகம் வெளிறியிருந்தது. "மேலிடத்துல நான் என்னம்மா சொல்லுவேன்?"

"ஒரு இருமலுக்குத்தான் சார்" என்றாள் கையக்கா. உண்மையிலேயே ஏதாவது வந்துகொண்டிருக்கிறதா, வெறும் இருமல்தானா என்று அவளுக்கும் தெரியாது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். தன் மூக்கையே நம்ப முடியவில்லை. மேடையிலேயே நின்றாள்.

குருவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தங்கை கூட்டத்தை விலக்கி வந்தாள். மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா நின்னுட்டே? இறங்கு" என்றாள். "அவங்க ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லுவாங்க. நீ முதல்ல வெளிய வா."

கையக்கா இறங்கினாள். மரத்தடியில் பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றிருந்தார்கள். பல் விழுந்த பையன் அவள் முகத்தையே பார்த்தான்.

"அக்கா, பாட்டை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

"இருடா" என்றாள் அவள், குருவியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு. "இவ மூச்சு சரியாகட்டும். அப்புறம் பாக்கலாம்."